35 சதவீதத்தில் அணைந்த கைபேசி: பழைய பேட்டரியைச் சோதித்த அனுபவம்

நான்கு ஆண்டுகளைக் கடந்துவிட்ட என் ஆண்ட்ராய்டு கைபேசி, திரையின் மூலையில் 35 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, கேமராவைத் திறந்த நொடியில் அணைந்துபோகத் தொடங்கியது. சார்ஜரில் செருகினால் உடனே எழுந்துகொள்ளும். எழுந்ததும் மறுபடி அதே 35 சதவீதத்தையே காட்டும். சார்ஜ் தீர்ந்து அணைந்த கைபேசி என்றால் 0 என்றோ 1 என்றோ அல்லவா காட்ட வேண்டும் என்பது என் வாதமாக இருந்தது. சாதாரணப் பயன்பாட்டில் அது மாலை வரை தாக்குப்பிடித்தது. சீக்கிரம் தீர்ந்துபோனால்தான் பேட்டரி கெட்டுவிட்டது என்று பொருள் என எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்ததால், பேட்டரியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் எனக்குச் சந்தேகம் போயிற்று. அந்தச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளச் செலவிட்ட பணம், கடைசியில் உண்மையான பழுதை நீக்க ஆன செலவைப்போல் இரு மடங்குக்கு மேல். பழைய கைபேசியின் பேட்டரியை வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது, எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் அதை ஒரு சிறு தொந்தரவாகத்தான் எடுத்துக்கொண்டேன். கேமராவைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிறகு முன்பின் அறியாத ஓர் ஊருக்குத் தனியாகப் பயணம் செய்ய நேர்ந்தது. ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்ச் சேர்ந்தது. நல்ல குளிர் வேறு. தங்குமிடத்தின் முகவரி, முன்பதிவு எண், பணம் செலுத்தும் செயலி, திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு எல்லாமே கைபேசிக்குள் இருந்தன. நிலையத்தை விட்டு வெளியே வந்து வரைபடத்தைத் திறந்தேன். 42 சதவீதம் காட்டிய கைபேசி அணைந்தது. மீண்டும் இயக்கினால் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றும் வரை வந்துவிட்டு மறுபடி அணைந்தது. வழியில் போகிறவர்களிடம் கைபேசியைக் கேட்டு வாங்கினாலும் யாரை அழைப்பது என்று தெரியவில்லை, ஏனென்றால் ஓர் எண்ணும் எனக்கு மனப்பாடம் இல்லை. பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது என்று தெரிந்தும் கையாலாகாமல் நிற்பதில் அச்சத்தைவிட ஆத்திரமே மிகுதியாக இருந்தது. காத்திருப்பு அறையில் ஒரு மின்செருகியைத் தேடிப் பிடித்து, சார்ஜரில் செருகிய நிலையிலேயே கைபேசியை இயக்கி, வேண்டிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் அங்கிருந்து கிளம்ப முடிந்தது.

அந்த இரவிலேயே எனக்கு விடை கிடைத்திருக்கிறது, அதை விடையென்று அடையாளம் காணத்தான் தெரியவில்லை. சார்ஜரில் செருகியிருக்கும்போது ஒருமுறைகூட அணையாத கைபேசி, செருகியைப் பிடுங்கியபின் அதிக மின்சாரம் கேட்கும் வேலை வந்தால் மட்டும் அணைகிறது என்றால், பழுது பெரும்பாலும் பேட்டரியில்தான் இருக்கும். மிஞ்சிப்போனால் பேட்டரியைத் தாய்ப்பலகையோடு (மதர்போர்டு) இணைக்கும் இணைப்பியில் இருக்கும். குளிரில் அது மோசமாவதும் பேட்டரியையே சுட்டுகிறது. இந்தச் சோதனைக்குச் செயலியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். இப்படிப்பட்ட கைபேசியோடு பயணம் போய்த்தான் ஆக வேண்டுமானால், சிறியதொரு பவர் பேங்க்கை எடுத்துச் சென்று, அணைந்தபின் செருகாமல், வரைபடத்தையோ பணம் செலுத்தும் செயலியையோ திறப்பதற்கு முன்பே செருகிவிட வேண்டும். சுமையின் ஒரு பங்கைப் பவர் பேங்க் ஏற்றுக்கொள்வதால் கைபேசி தாக்குப்பிடிக்கும்.

ஊர் திரும்பியபின் பழி முதலில் மென்பொருளின் மீது விழுந்தது. அண்மையில் ஒரு புதுப்பிப்பு வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியதுபோலத் தோன்றியது. விசாரித்தவர்களும் எல்லாவற்றையும் அழித்து, புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். புகைப்படங்களையும் தொடர்பு எண்களையும் சேமித்துக்கொண்டு அழித்தேன். இருபடிச் சரிபார்ப்புக்கான குறியீடுகளைத் தரும் செயலியில் இருந்தவை அந்தச் சேமிப்பில் வரவில்லை. ஒவ்வொரு கணக்காக அடையாளத்தை நிறுவி மீட்பதில் நாட்கள் கழிந்தன. ஒரு கணக்கு இன்றுவரை மீளவில்லை. கைபேசியோ, அழித்த அன்று மாலையே 30 சதவீதத்தில் அணைந்தது. மென்பொருள் கோளாறால் கைபேசி நின்றுபோவதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்படி நேர்ந்தால் அது பெரும்பாலும் தானாகவே மறுபடி இயங்கத் தொடங்கும். சார்ஜரில் இருக்கும்போதும் நேரும். பேட்டரி 90 சதவீதத்தில் இருந்தாலும் நேரும். அழிப்பதற்கு முன்பு, நாமே நிறுவிய செயலிகள் எதுவும் ஓடாத பாதுகாப்பு முறையில், அதாவது சேஃப் மோடில், ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்தாலே போதும், எதையும் இழக்காமல் அதே பதில் கிடைக்கும். அழித்தே தீர வேண்டுமென்றால், ஒவ்வொரு கணக்கின் மீட்புக் குறியீடுகளையும் தாளில் எழுதி வைத்துவிட்டு அழியுங்கள்.

அடுத்ததாகச் சார்ஜரும் கேபிளும் வாங்கினேன். சார்ஜ் ஏறுவதில் குறை இருக்கும்போது இவற்றை மாற்றிப் பார்ப்பதில் பொருள் உண்டு. சார்ஜரில் இல்லாத நேரத்தில் அணையும் கைபேசிக்கு இவற்றால் எந்தப் பயனும் கிடையாது. அந்தப் பணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பேட்டரியையே சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் இதற்குப் பிறகுதான் வந்தது. எண்களை அழுத்தும் பகுதியில் *#*#4636#*#* என்று தட்டினால் பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒரு சோதனைப் பட்டியல் திறக்கும். அதில் பேட்டரி பற்றிய பகுதியும் இருந்தால் மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றோடு பேட்டரியின் நிலை என்று ஒரு சொல்லும் காணப்படும். புதிய கைபேசிகள் பலவற்றில் அந்தப் பகுதியே இருப்பதில்லை. என் கைபேசியில் இருந்தது. நிலை ‘நன்று’ என்றது. அதைப் பார்த்து நிம்மதியடைந்து, தாய்ப்பலகையில்தான் பழுது என்று முடிவுகட்டி, ஒரு பழுதுநீக்குபவரிடம் சோதனைக் கட்டணமும் கொடுத்தேன். அந்த ‘நன்று’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பின்னால்தான் படித்தறிந்தேன். அளவுக்கு மீறிய சூடு, அளவுக்கு மீறிய குளிர், அளவுக்கு மீறிய மின்னழுத்தம், முற்றிலும் செயலிழந்த நிலை, இன்னதென்று குறிப்பிடப்படாத கோளாறு ஆகிய எதுவும் அந்த நொடியில் இல்லை என்பதையே அது தெரிவிக்கிறது. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பேட்டரியும் அந்தப் பட்டியலில் ‘நன்று’ என்றுதான் வரும். பேட்டரி முதுமையடைந்ததா என்ற கேள்வியை அந்தச் சொல் கேட்பதே இல்லை.

பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பேட்டரியைப் பற்றி நாம் ஒரே எண்ணைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இப்போது எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது ஒன்று; திரையின் மூலையில் தெரிவது அதுதான். முழுவதும் நிரப்பினால் புதிதில் கொண்டதில் எவ்வளவு கொள்கிறது என்பது இரண்டாவது. பேட்டரியின் ஆரோக்கியம் என்று சொல்லப்படுவது அதுதான். உள்ளிருப்பதை எவ்வளவு வேகமாக வெளியே தர முடிகிறது என்பது மூன்றாவது. இதை எந்தத் திரையும் நேரடியாகக் காட்டுவதில்லை. லித்தியம் அயான் பேட்டரியின் கிராஃபைட் மின்முனை மீது ஒரு மெல்லிய படலம் ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே வருகிறது. அந்தப் படலத்தில் சிக்கிக்கொள்ளும் லித்தியத்தால் கொள்ளளவு குறைகிறது. அதே படலத்தால், மின்சாரம் வெளியேறுவதைத் தடுக்கும் உள்தடையும் கூடுகிறது. மாடித் தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தும் குழாயில் துரு அடைத்துக்கொண்டால், ஒரு குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் மூன்று குழாய்களை ஒன்றாகத் திறந்தால் சொட்டுச் சொட்டாகி நின்றுவிடுவது போன்றது அது. கேமரா, பிளாஷ், செயலகம் (பிராசசர்), திரை ஆகியவை ஒரே நொடியில் மின்சாரம் கேட்கும்போது, உள்தடை கூடிய பேட்டரியின் மின்னழுத்தம் சரிகிறது. 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும் எல்லைக்குக் கீழே அது போனால், தன்னைக் காத்துக்கொள்ளக் கைபேசி அணைந்துவிடுகிறது. சுமை நீங்கியதும் மின்னழுத்தம் ஏறிவிடுகிறது. 35 சதவீதம் மறுபடி 35 சதவீதமாகவே தெரிகிறது. அந்த எண் பொய் சொல்லவில்லை, நான் கேட்டது வேறு கேள்வி.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று அறிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 2017 தொடக்கத்தில் வெளியான ஐஓஎஸ் 10.2.1 மென்பொருள், பேட்டரி முதிர்ந்த சில ஐபோன் மாடல்களில் செயலகத்தின் வேகத்தைக் குறைத்தது. இப்படித் திடீரென அணைவதைத் தடுப்பதற்காகவே அவ்வாறு செய்ததாக ஆப்பிள் நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதையொட்டி எழுந்த கண்டனத்தின் விளைவாகவே 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3-இல் பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சதவீதத்தில் காட்டும் பக்கம் சேர்க்கப்பட்டது. அந்தப் பக்கத்தில் கொள்ளளவு ஓர் எண்ணாகவும், உச்சச் சுமையைத் தாங்கும் திறன் தனிக் குறிப்பாகவும் இருப்பதைக் கவனித்தால், மேலே சொன்ன இரண்டாவது கேள்வியும் மூன்றாவது கேள்வியும் வேறுவேறு என்பது விளங்கும். பலரும் எண்ணைப் பார்த்துவிட்டுக் குறிப்பைப் படிக்காமல் வந்துவிடுகிறார்கள்.

என் கைபேசியில் அப்படியொரு பக்கம் இல்லாததால் அளந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அக்குபேட்டரி போன்ற செயலிகள், சார்ஜ் ஏறும்போது உள்ளே போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, எத்தனை சதவீதம் ஏறியது என்பதோடு ஒப்பிட்டு முழுக் கொள்ளளவை மதிப்பிடுகின்றன. என் பேட்டரி 4000 மில்லி ஆம்பியர் மணி (mAh) கொண்டது. 20 சதவீதத்திலிருந்து 90 வரை ஏற்றியபோது உள்ளே போனது 1890 மில்லி ஆம்பியர் மணி. 70 சதவீதத்துக்கு அவ்வளவு என்றால் முழுமைக்கு 2700. புதிதில் இருந்ததில் ஏறத்தாழ 67 சதவீதம். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. என்னுடையது அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டிருந்தது. இந்த அளவீட்டில் சில கவனங்கள் தேவை. 60-லிருந்து 80 வரை என்று சிறிது சிறிதாக ஏற்றினால் பிழை பெரிதாகும். குறைந்த அளவிலிருந்து நெடுநேரம் ஏற்ற வேண்டும். ஒரே அளவீட்டை நம்பாமல் பலவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். ஒப்பிடுவதற்குரிய புதிதின் கொள்ளளவைச் செயலியே தவறாக ஊகித்திருக்கலாம் என்பதால் அதையும் சரிபார்க்க வேண்டும். விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் சராசரிக் கொள்ளளவு, பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்ச எண் அதைவிடச் சற்றுச் சிறியது. அதிவேக சார்ஜுக்காக இரண்டு கலங்களை வைத்திருக்கும் கைபேசிகளில் சில செயலிகள் பாதி அளவையே காட்டுவதும் உண்டு. அப்படி 50 சதவீதம் என்று கண்டு யாரும் பதற வேண்டாம்.

செயலி, கைபேசிக்குள் சார்ஜைக் கணக்கிடும் அளவிச் சில்லு சொல்வதையே திருப்பிச் சொல்கிறது என்பதால், அந்தச் சில்லே தவறாக இருந்தால் என்ன செய்வது என்ற சந்தேகம் எனக்கு வந்தது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் இடையே செருகும் யூஎஸ்பி மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். அதில் பலரும் மில்லி ஆம்பியர் மணியைப் படித்துக் குழம்புகிறார்கள். பேட்டரி சராசரியாக 3.85 வோல்ட்டில் இயங்குகிறது. சார்ஜர் 5 வோல்ட்டிலோ, அதிவேக முறையில் 9 வோல்ட்டிலோ தருகிறது. ஆகவே இரண்டு இடத்து மில்லி ஆம்பியர் மணியையும் நேராக ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டியது ஆற்றலின் அளவான வாட் மணியை. 4000 மில்லி ஆம்பியர் மணியை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 15.4 வாட் மணி. மாற்றும்போது வெப்பமாகப் போகும் இழப்பையும் சேர்த்தால், கைபேசியை அணைத்துவிட்டு முழுவதும் ஏற்றும்போது நல்ல பேட்டரிக்கு மீட்டர் 17 அல்லது 18 வாட் மணி காட்ட வேண்டும். என்னுடையது 12-ஐ எட்டியதும் நிரம்பிவிட்டது. செயலியும் மீட்டரும் ஒத்துப்போயின.

மூன்றாவது கேள்விக்கான சோதனைதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. மின்னழுத்தத்தை உடனுக்குடன் காட்டும் ஏதாவதொரு செயலியைத் திறந்து, 40 சதவீதம் இருக்கும்போது, சும்மா வைத்திருந்தால் எவ்வளவு என்று குறித்துக்கொண்டேன்: 3.75 வோல்ட். பிறகு திரையின் ஒளியை முழுவதும் கூட்டி, டார்ச்சை எரியவிட்டு, கனமான ஒரு விளையாட்டைச் சிறு சாளரத்தில் ஓடவிட்டேன். மின்னழுத்தம் 3.3-க்குச் சரிந்து, அங்கேயே தத்தளித்து, கைபேசி அணைந்தது. பின்னாளில் நல்ல பேட்டரி போட்டபின் இதே சோதனையில் சரிவு 0.15 வோல்ட் அளவிலேயே நின்றது. செயலியின் எண் நொடிக்கு நொடி மாறுவதில்லை, சில கைபேசிகளில் சற்றுத் தாமதமாகவே மாறும் என்பதால் துல்லியத்தை எதிர்பார்க்க வேண்டாம். பெரிய சரிவா சிறிய சரிவா என்று தெரிந்தால் போதும். பேட்டரி ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது என்று சொல்லி யாராவது பழைய கைபேசியைக் கொடுத்தால், நான் இன்று முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

இதற்கிடையில் கேலிபிரேஷன் என்ற யோசனையையும் பலர் சொன்னார்கள்: தானாக அணையும் வரை பயன்படுத்தி, பிறகு இடைவிடாமல் முழுவதும் ஏற்றுவது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் சில்லில் காலப்போக்கில் பிழை சேர்கிறது. அதன் கணக்கை நேர்படுத்த இது உதவும். பேட்டரியின் வேதியியலை இது இம்மியும் மாற்றாது. மாதந்தோறும் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் ஆழமாக வற்றவைப்பதே லித்தியம் பேட்டரிக்கு ஒரு சுமை.

பேட்டரிதான் காரணம் என்று உறுதியானபின் ஒரு கடையில் மாற்றினேன். திறந்து பார்த்தபோது பழைய பேட்டரி ஓரளவு உப்பியிருந்தது. பின்மூடியின் ஓரம் மயிரிழை அளவு தூக்கிக்கொண்டிருந்ததை உறையைக் கழற்றாததால் நான் கவனிக்கவில்லை. இதைச் சோதிக்க, உறையைக் கழற்றிவிட்டுச் சமதளமான மேசையில் கைபேசியை வைத்துப் பார்த்தால் போதும். முன்பு ஆடாதது இப்போது ஆடினால், சுழன்றால், திரையின் விளிம்பில் இடைவெளி தெரிந்தால், அளவீடு எதுவும் தேவையில்லை. மின்பகுபொருள் சிதைந்து உண்டாகும் வாயுதான் அதை உப்பவைக்கிறது. அப்படிக் கண்டால் உடனே அணைத்துவிட்டு, மறுபடி சார்ஜ் ஏற்றாமல், அழுத்தாமல், ஊசியால் குத்தாமல், எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து மாற்றக் கொடுக்க வேண்டும், குப்பைத்தொட்டியில் போடக்கூடாது.

புதிதாகப் போட்ட பேட்டரியின் மேல் 4600 என்று அச்சிட்டிருந்தது. அசலைவிடக் கூடுதல் திறன் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார், நானும் மகிழ்ந்தேன். அதே நீளம், அதே அகலம், அதே தடிமனில் 15 சதவீதம் கூடுதல் எங்கிருந்து வரும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வீட்டில் அளந்தால் 3000-ஐத் தாண்டவில்லை. அதாவது, புதிது என்று வாங்கியதே அசலில் 75 சதவீதம். போய்க் கேட்டபோது, சில வாரங்கள் பயன்படுத்தினால் பழகி ஏறிவிடும் என்றார். பழைய காலத்து நிக்கல் வகைப் பேட்டரிகளுக்கு முதல் சில சார்ஜுகள் முக்கியம் என்பார்கள்; லித்தியம் பேட்டரிக்கு அப்படியொரு பழக்கும் காலம் கிடையாது. நான் பொறுமையாகக் காத்திருந்து அளந்தபோது அது இன்னும் கீழேதான் இறங்கியிருந்தது. அளவீடுகளின் திரைப்பிடிப்புகளைக் காட்டியபின் வேறொன்றை மாற்றித் தர இசைந்தாரே தவிர, பணத்தைத் திருப்பித் தரவில்லை. மாற்றித் தந்ததும் அதே வகைதான். அந்தக் கடையின் வாசலில் இருந்து திரும்பிய நாளில், பேசாமல் புதிய கைபேசியே வாங்கிவிடலாம் என்ற எண்ணம் பலமாக எழுந்தது.

பிறகு தயாரிப்பு நிறுவனம் அங்கீகரித்த சேவை மையத்தில் மாற்றினேன். அதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டேன். அவற்றை எந்தக் கடையிலும் கேட்கலாம். பேட்டரியின் மேலுள்ள தயாரிப்புத் தேதி என்ன? பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் லித்தியம் பேட்டரி முதிர்கிறது என்பதால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சரக்கு வேண்டாம். அச்சிட்ட கொள்ளளவு அசலோடு ஒத்திருக்கிறதா? அளந்து பார்த்துக் குறைவாக இருந்தால் பணம் திரும்ப வருமா, வேறு பேட்டரி மட்டும்தானா என்பதை ரசீதில் எழுதித் தருவார்களா? திறந்தபின் புதிய பசை போட்டு மூடுவார்களா? நீர் புகாத கைபேசியாக இருந்தாலும், ஒருமுறை திறந்தபின் அந்தக் காப்பு முன்போல் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு மழையில் நனைக்கக்கூடாது. மாற்றியவுடன் அளந்தேன்: 3900-ஐ ஒட்டி வந்தது. சுமைச் சோதனையிலும் நின்றது.

இனி வரும் கைபேசிகளில் இவ்வளவு அலைச்சல் இருக்காது என்று தோன்றுகிறது. ஆண்ட்ராய்டு 14 முதல் பேட்டரியின் சுழற்சி எண்ணிக்கையை, அதாவது அதன் முழு அளவு எத்தனை முறை செலவாகியிருக்கிறது என்பதை, தெரிவிக்கும் வசதி இயங்குதளத்திலேயே இருக்கிறது. பிக்சல் 8ஏ முதலான கூகுள் மாடல்களில் ஆரோக்கியச் சதவீதமே அமைப்புகளில் தெரிகிறது. சாம்சங் கைபேசிகளில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியின் சோதனைப் பகுதியைப் பார்க்கலாம். ஐபோன் 15 முதல் சுழற்சி எண்ணிக்கையும் தயாரிப்பு மாதமும் தெரிகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் கைபேசிகள், 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. ஒரு நாள் 60 சதவீதமும் மறுநாள் 40 சதவீதமும் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுழற்சி. செருகிப் பிடுங்கிய எண்ணிக்கை அல்ல.

பழைய கைபேசியை விலைக்கு வாங்குகிறவர்கள் மட்டும் இந்த எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பேட்டரியின் சிறு சுற்றுப்பலகையில் பதிந்திருக்கும் சுழற்சி எண்ணிக்கையையும் ஆரோக்கியத்தையும் திருத்தி எழுதும் கருவிகள் பழுதுநீக்கும் தொழிலில் புழக்கத்தில் உள்ளன. ஐந்து ஆண்டுப் பழைய கைபேசி 100 சதவீதம் என்று காட்டினால், ஒன்று பேட்டரி மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது எண் மாற்றப்பட்டிருக்க வேண்டும். அசல் அல்லாத பேட்டரி இருந்தால் ஐபோன் அமைப்புகளில் எச்சரிக்கைக் குறிப்பு வரும். மற்றவற்றில் சுமைச் சோதனையும், முடிந்தால் ஒருமுறை முழு சார்ஜ் அளவீடும்தான் வழி.

புதிய பேட்டரியை இப்போது 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பில் வைத்திருக்கிறேன். பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் முழுவதும் ஏற்றுகிறேன். முழுவதும் நிரம்பிய நிலையில் சூடாக இருப்பதைப்போல லித்தியம் பேட்டரியை முதிரவைப்பது வேறில்லை என்பதால், தலையணைக்கடியிலோ வெயில் படும் காரிலோ சார்ஜ் ஏற்றுவதை விட்டுவிட்டேன். மற்றபடி சதவீதத்தை மணிக்கொரு தரம் பார்த்துக் கவலைப்படுகிற அளவுக்கு இது பெரிய விஷயமில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து குறித்துவைத்தால் போதும்; தனி எண்ணைவிட, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் எதையாவது சொல்லும்.

மாற்றுவதா, புதிய கைபேசி வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு, பேட்டரியை விட்டுவிட்டு முதலில் பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை வரும் என்று பார்க்கச் சொல்கிறேன். அது நின்றுபோன கைபேசியில் பணம் செலுத்தும் செயலிகளை வைத்திருக்கப்போகிறோம் என்றால், புதிய பேட்டரிக்குக் கொடுக்கும் பணம் வீண். என்னுடையதற்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் புதுப்பிப்பு உண்டு. திரையில் கீறலில்லை, சேமிப்பிடமும் போதுமானதாக இருக்கிறது. ஆகவே அதையே வைத்திருக்கிறேன். அதன் காலம் முடிந்தபின், இருபடிச் சரிபார்ப்புக் குறியீடுகளை முன்கூட்டியே வேறு கைபேசிக்கு மாற்றிவிட்டு, இதை வீட்டில் பாடல் கேட்க வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.